பார்க்காதவர் கொடுத்த பணம்

2012 நவம்பரில் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட், விஸ்கான்சின் போன்ற பெரிய அணிகள் ஆடும் ‘பிக் டென்’ கூட்டமைப்பு ரட்கர்ஸைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள முன்வந்தது. ரட்கர்ஸ் ஒருவகையில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் பிறந்த வீடு. 1869 நவம்பர் 6 அன்று நியூ பிரன்ஸ்விக் நகரில் ரட்கர்ஸ் மாணவர்களும் ப்ரின்ஸ்டன் மாணவர்களும் மோதிய ஆட்டத்தைத்தான் நாட்டின் முதல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டமாகக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். அதில் ரட்கர்ஸ் 6-4 என்று வென்றது. ஆனால் 2012-ல் வந்த அழைப்பில் அந்தப் பழம்பெருமைக்குப் பங்கில்லை, ஆட்டத்திறனுக்கும் பங்கில்லை. பிக் டென்னில் ஆடத் தொடங்கிய மூன்றாவது பருவத்தில், சொந்த மைதானத்திலேயே, மிச்சிகனிடம் 78-0 என்று தோற்ற அணி அது.

அழைப்புக்குக் காரணம், ரட்கர்ஸைச் சுற்றி இருந்த வீடுகள். நியூ யார்க் தொலைக்காட்சி வட்டாரத்தில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் உண்டு. பிக் டென்னுக்கென்று ஒரு கேபிள் சேனல் இருந்தது. நியூ ஜெர்சியில் ஓர் உறுப்பினர் கிடைத்துவிட்டால், அந்தச் சேனலை அடிப்படைத் தொகுப்பிலேயே சேர்க்கும்படி அங்குள்ள கேபிள் நிறுவனங்களிடம் பேரம் பேசலாம். அப்படிச் சேர்த்துவிட்டால் செய்திக்காகவும் சமையல் நிகழ்ச்சிக்காகவும் கேபிள் வைத்திருப்பவரும், ரட்கர்ஸின் ஒரே ஓர் ஆட்டத்தைக்கூடப் பார்க்காதவரும், மாதாமாதம் பிக் டென்னுக்குப் பணம் கட்டுவார். கடந்த நாற்பது ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் வரைபடம் பலமுறை அழித்து எழுதப்பட்டிருக்கிறது. அதற்குப் பெரும்பகுதிச் செலவைக் கொடுத்தவர்கள், ஆட்டத்தையே பார்க்காத இந்த மனிதர்கள்.

கல்லூரி விளையாட்டு என்றதும் நம் மனதில் எழும் காட்சியைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் இந்தக் கதைக்குள் போக வேண்டும். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்த ஆட்டத்துக்காக மிச்சிகன் பல்கலைக்கழகம் கட்டிவைத்திருக்கும் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் சிறு ஊர்கள் முழுவதுமே மைதானத்துக்கு நகர்ந்துவிடும். ஆடுபவர்கள் மாணவர்கள். 2025 வரை, நூற்றாண்டுக்கும் மேலாக, அவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் சம்பளம் கொடுத்ததில்லை. படிப்புச் செலவும் தங்கும் செலவும் மட்டுமே. அவர்களைச் சுற்றிப் புழங்கும் பணமோ பல நூறு கோடி டாலர்.

பல்கலைக்கழகங்கள் தனித்தனியாக ஆடுவதில்லை. பல சேர்ந்து ஒரு கூட்டமைப்பு அமைத்துக்கொள்கின்றன. அதைக் ‘கான்ஃபரன்ஸ்’ என்கிறார்கள். ஆண்டு முழுவதும் யார் யாரோடு ஆடுவது, எந்த மாணவர் ஆடத் தகுதியானவர், வசூலை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். பெரிய கூட்டமைப்புகளில் மிகப் பழையது பிக் டென். 1895-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் அழைத்ததன்பேரில் சிகாகோவின் பாமர் ஹவுஸ் விடுதியில் பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடினார்கள். மறு ஆண்டு ஏழு பல்கலைக்கழகங்களின் ஆசிரியப் பிரதிநிதிகள் அதை முறையான அமைப்பாக்கினார்கள். அன்று அவர்களின் கவலை பணத்தைப் பற்றியதன்று. படிக்கவே வராமல், கூலிக்கு ஊர் ஊராகப் போய் ஆடிக்கொண்டிருந்த ஆட்களை அணியிலிருந்து எப்படி விலக்குவது என்பதே அவர்கள் முன்னிருந்த கேள்வி. ஆசிரியர்கள் கையில் அதிகாரம் இருந்தால் ஆட்டம் படிப்புக்கு அடங்கி நடக்கும் என்று நம்பினார்கள்.

மேற்குக் கரையில் 1915 டிசம்பரில் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் இப்படி ஒரு கூட்டம் நடந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி, வாஷிங்டன், ஒரிகன், இன்று ஒரிகன் ஸ்டேட் எனப்படும் ஒரிகன் வேளாண் கல்லூரி ஆகிய நான்கும் சேர்ந்து பசிஃபிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸைத் தொடங்கின. 1917-ல் வாஷிங்டன் ஸ்டேட்டும் அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டும் சேர்ந்தன. பெயர்களைப் பார்த்தாலே அமைப்பின் தர்க்கம் புரியும்: ஒரே கரை, ஒரே ரயில் பாதை, ஒரே நேர மண்டலம். எதிரணி என்றாலும் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மன், கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள சின்ன ஊர். இன்றும் மக்கள்தொகை சுமார் 30 ஆயிரம். 1916 புத்தாண்டு நாளில் கலிஃபோர்னியாவின் பசடீனாவில் நடந்த ரோஸ் போல் ஆட்டத்தில் இந்தச் சின்ன ஊர் அணி, கிழக்கிலிருந்து வந்த பிரௌன் பல்கலைக்கழகத்தை 14-0 என்று வீழ்த்தியது.

அந்த ரோஸ் போல்தான் பிறகு இரு கூட்டமைப்புகளுக்கும் பாலமானது. 1946-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி மத்திய மேற்கின் சிறந்த அணியும் பசிஃபிக் கரையின் சிறந்த அணியும் ஆண்டுக்கொருமுறை அங்கே மோதின. பனியில் உறைந்த மிச்சிகனிலிருந்து புறப்பட்ட அணியும் ரசிகர்களும் ஜனவரி வெயிலில் பசடீனாவில் இறங்குவது பல தலைமுறைகளுக்கு ஒரு புனிதப் பயணம்போல இருந்தது. தூரம்தான் அந்த ஆட்டத்தின் அழகு. ஆண்டில் ஒருமுறை மட்டும் கடக்கப்படுவதால் அந்தத் தூரத்துக்கு மதிப்பு இருந்தது.

தொலைக்காட்சி வந்தபோது கல்லூரிகள் அதைக் கண்டு பயந்தன. 1939 செப்டம்பரில் ஃபோர்டம், வேன்ஸ்பர்க் அணிகள் நியூ யார்க்கில் ஆடிய ஆட்டமே முதன்முதலில் ஒளிபரப்பான கல்லூரி ஃபுட்பால் ஆட்டம். அப்போது பார்க்கப் பெட்டிகளே அரிது. போருக்குப் பிறகு பெட்டிகள் பெருகியதும் டிக்கெட் விற்பனை சரிவதாகப் பல்கலைக்கழகங்கள் கவலைப்பட்டன. வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தால் குளிரில் நடுங்கிக்கொண்டு மரப்பலகையில் யார் உட்காருவார்கள்? 1951-ல் கல்லூரி விளையாட்டின் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. கூடி, ஒளிபரப்பைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளத் தீர்மானித்தது. 161 வாக்குகள் ஆதரவு, 7 எதிர்ப்பு. ஃபிலடெல்ஃபியாவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் இதை ஏற்கவில்லை. ஏ.பி.சி. தொலைக்காட்சி நிறுவனத்துக்குத் தன் ஆட்டங்களை விற்கும் ஏற்பாடு அதற்கு ஏற்கெனவே இருந்தது. என்.சி.ஏ.ஏ. அதை ஒழுங்கு மீறிய உறுப்பினராக அறிவித்தது. எதிரணிகள் சில ஆட வரமாட்டோம் என்றன. ஆட ஆள் இல்லாத அணி எதை விற்கும்? பென்சில்வேனியா பணிந்தது.

அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேல், எந்த ஆட்டம் எப்போது தொலைக்காட்சியில் வரும் என்பதை என்.சி.ஏ.ஏ. தீர்மானித்தது. ஓர் அணி இத்தனை முறைதான் திரையில் தோன்றலாம் என்ற உச்சவரம்பு இருந்தது. அந்த ஏற்பாட்டின் தன்மையை 1981 இலையுதிர் காலத்தின் ஒரு வார இறுதி காட்டிவிடும். ஓக்லஹோமாவும் யூ.எஸ்.சி.யும் மோதிய ஆட்டம் 200-க்கும் மேற்பட்ட நிலையங்களில் ஒளிபரப்பானது. அதே வார இறுதியில் சிட்டடெல், அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற இரு சிறிய அணிகளின் ஆட்டம் நான்கே நிலையங்களில் வந்தது. நான்கு அணிகளுக்கும் கிடைத்தது ஒரே தொகை.

சிறியவர்களுக்கு அது நியாயம், பெரியவர்களுக்கு அது கொள்ளை. பெரிய ஃபுட்பால் பல்கலைக்கழகங்கள் தனிச் சங்கம் அமைத்து என்.பி.சி.யுடன் பேசின. என்.சி.ஏ.ஏ. தண்டனை எச்சரிக்கை விடுத்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் நீதிமன்றம் போயின. 1984 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 7-2 என்று தீர்ப்பளித்தது. என்.சி.ஏ.ஏ.யின் ஏற்பாடு போட்டியை நசுக்குகிறது, சட்டத்துக்கு முரணானது என்று நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதினார். எதிர்த்து எழுதியவர் பைரன் வைட். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற ஃபுட்பால் வீரராக இருந்து, தொழில்முறை ஆட்டத்திலும் கலக்கிவிட்டு நீதிபதியானவர் அவர். கல்லூரி விளையாட்டைச் சந்தைச் சரக்காக மட்டும் பார்க்கக்கூடாது, அதற்குக் கல்வியோடு உள்ள பிணைப்பைக் காக்கவே இத்தகைய விதிகள் என்பது அவர் வாதத்தின் சாரம். சட்டப்படி ஸ்டீவன்ஸ் சொன்னது சரியாக இருக்கலாம். அதன்பின் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு, மைதானத்தில் மூச்சிரைக்க ஓடியிருந்த அந்த ஒரே நீதிபதியின் அச்சம் வீணல்ல என்று தெரியும்.

தீர்ப்பு வந்ததும் சந்தையில் ஆட்டங்கள் குவிந்தன, விலை விழுந்தது. தனியாக விற்றால் வாங்குபவர் ஒருவரோடொருவரை மோதவிட்டு விலையைக் குறைப்பார். கூட்டாக விற்றால்தான் பேரம் படியும் என்று பல்கலைக்கழகங்கள் கற்றுக்கொண்டன. கூட்டாக விற்க அவற்றுக்குக் கைக்கெட்டிய கருவி கான்ஃபரன்ஸ். கூலி ஆட்களை விலக்க ஆசிரியர்கள் உருவாக்கிய அமைப்பு அப்படித்தான் ஒளிபரப்பு உரிமை விற்கும் நிறுவனமானது.

இதைப் பிறருக்கு முன்பே கண்டுகொண்டவர் டேவ் கேவிட். பிராவிடன்ஸ் கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்றுநர். 1979-ல் அவர் ‘பிக் ஈஸ்ட்’ கூட்டமைப்பைத் தொடங்கியபோது, கல்லூரிகளைத் தேர்ந்ததில் ஒரு கணக்கு இருந்தது: பாஸ்டனுக்கு பாஸ்டன் காலேஜ், நியூ யார்க்குக்கு செயின்ட் ஜான்ஸ், தலைநகருக்கு ஜார்ஜ்டவுன், அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியாவுக்கு வில்லனோவா. கிழக்குக் கரையின் பெரிய நகரங்களை வரிசையாகக் கோத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று, கனெக்டிகட் மாநிலத்தின் பிரிஸ்டல் என்ற ஊரில் ஈ.எஸ்.பி.என். என்ற சேனல் தொடங்கியது. இருபத்துநான்கு மணி நேரமும் காட்ட அதற்கு ஆட்டங்கள் தேவை. கேவிட்டிடம் ஆட்டங்கள் இருந்தன. 1985-ல் தேசியக் கூடைப்பந்து அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளில் மூன்று பிக் ஈஸ்ட் அணிகள். தொடக்கத்தில் ரட்கர்ஸுக்கும் அழைப்பு போனது, அது மறுத்துவிட்டது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் 1982-ல் சேர விரும்பியபோது பிக் ஈஸ்ட் வாக்கெடுப்பில் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. அந்த முடிவுக்காக பிக் ஈஸ்ட் பிறகு வருந்த வேண்டியிருந்தது, ஏனென்றால் பணம் கூடைப்பந்தில் தேங்கவில்லை. ஃபுட்பாலை நோக்கி ஓடியது.

1990-ல் இரண்டு நிகழ்ச்சிகள் கதவைத் திறந்தன. நோட்டர் டேம் பல்கலைக்கழகம் கூட்டு விற்பனையிலிருந்து வெளியேறி, தன் உள்ளூர் ஆட்டங்களை என்.பி.சி.க்குத் தனியாக விற்றது: ஐந்து ஆண்டுக்கு 3.8 கோடி டாலர். பென் ஸ்டேட் பிக் டென்னில் சேர்ந்தது. பத்து, பதினொன்றானது. பிறகு தென்கிழக்குக் கூட்டமைப்பின் தலைவர் ராய் கிரேமர், யாரும் கவனிக்காமல் விதிப்புத்தகத்தில் கிடந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு உறுப்பினர்கள் இருந்து இரண்டு பிரிவாகப் பிரிந்தால் கூடுதலாக ஓர் இறுதி ஆட்டம் நடத்தலாம் என்றது அந்த விதி. கூடுதல் ஆட்டம் என்றால் கூடுதலாக விற்க ஒரு சரக்கு. அவர் ஆர்கன்சாவையும் சவுத் கரோலைனாவையும் சேர்த்துப் பன்னிரண்டாக்கினார். 1992 டிசம்பரில் பர்மிங்ஹாமில் நடந்த முதல் இறுதி ஆட்டத்தில் அலபாமா, ஃபுளோரிடாவை 28-21 என்று வென்றது.

ஆர்கன்சா விட்டுப்போன வீடு சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ். 1914-ல் உருவான அதில் மிஞ்சிய எட்டு பல்கலைக்கழகங்களும் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்தவை. ஒரே மாநிலம் என்பதுதான் அதன் உயிர். ரசிகர் ஒருவர் காலையில் காரில் கிளம்பி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இரவே வீடு திரும்பலாம். திங்கட்கிழமை அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் எதிரணிக் கல்லூரியில் படித்தவராக இருப்பார். தொலைக்காட்சிக்கு அதுவே குறை. எட்டு அணிகளும் சேர்ந்து ஒரே மாநிலத்து வீடுகளைத்தான் கொண்டுவந்தன. வடக்கே சமவெளி மாநிலங்களின் ‘பிக் எய்ட்’ கூட்டமைப்புக்கு நல்ல அணிகள் இருந்தன, வீடுகள் போதவில்லை. 1994-ல் டெக்சஸ், டெக்சஸ் ஏ அண்டு எம், டெக்சஸ் டெக், பெய்லர் ஆகிய நான்கும் பிக் எய்ட்டோடு சேர்ந்து ‘பிக் 12’ அமைக்க முடிவு செய்தன. பெய்லர் அந்த நால்வரில் இடம்பிடித்ததற்கு ஆட்டத்தைவிட அரசியல் காரணம் என்று டெக்சஸில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அன்றைய ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் பெய்லரில் படித்தவர். துணை ஆளுநர் பாப் புல்லக் டெக்சஸ் டெக்கிலும் பெய்லர் சட்டக் கல்லூரியிலும் படித்தவர். மிச்சமிருந்த எஸ்.எம்.யூ., டி.சி.யூ., ரைஸ், ஹூஸ்டன் ஆகிய நான்கும் கலைந்துபோயின. 1996-ல் சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் மூடப்பட்டது. எண்பது ஆண்டுகள் அடுத்தடுத்து ஆடிய ஊர்களுக்கு இனி ஒன்றோடொன்று மோத வேண்டிய காரணம் இல்லாமல் போயிற்று.

பிக் டென்னின் தலைவர் ஜிம் டெலனி அடுத்த படியை எடுத்தார். ஆட்டத்தை இன்னொருவர் சேனலுக்கு விற்பதோடு நிற்காமல், தாமே சேனல் நடத்தினால் என்ன? 2007 ஆகஸ்ட் 30 அன்று ஃபாக்ஸ் குழுமத்தோடு கூட்டாக பிக் டென் நெட்வொர்க் தொடங்கியது. இரண்டு நாள் கழித்து அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற அந்தச் சிறிய அணி, மிச்சிகனை மிச்சிகனின் மைதானத்திலேயே 34-32 என்று வென்றது. அமெரிக்க விளையாட்டின் மாபெரும் அதிர்ச்சிகளில் ஒன்றான அந்த ஆட்டம் இந்தப் புதிய சேனலில்தான் ஒளிபரப்பானது. காம்காஸ்ட் என்ற பெரிய கேபிள் நிறுவனம் அதை எடுக்க மறுத்திருந்ததால் லட்சக்கணக்கான வீடுகளில் அது தெரியவில்லை.

காம்காஸ்டுடன் நடந்த சண்டை எதைப் பற்றியது என்பதில்தான் பிற்காலத்து வரைபடத்தின் சாவி இருக்கிறது. விளையாட்டு விரும்பிகள் தனியாகப் பணம் கட்டி வாங்கும் தொகுப்பில் இந்தச் சேனலை வைக்கிறோம் என்றது காம்காஸ்ட். எல்லா வீட்டுக்கும் போகும் அடிப்படைத் தொகுப்பில் வேண்டும் என்றார் டெலனி. விரும்புகிறவர் மட்டும் கட்டினால் வருமானம் விருப்பத்தின் அளவுக்குத்தான். எல்லோரும் கட்டினால் வருமானம் மக்கள்தொகையின் அளவுக்கு. அன்று வெளிவந்த கணக்குகளின்படி, பிக் டென் உறுப்பினர் இருக்கும் மாநிலத்தில் ஒரு வீட்டுக்கு மாதம் சுமார் ஒரு டாலர். உறுப்பினர் இல்லாத மாநிலத்தில் பத்து சென்ட் அளவில். 2008 ஜூனில் காம்காஸ்ட் உடன்பட்டது. அதன்பிறகு ஒரு மாநில எல்லையைத் தாண்டுவதற்கு விலை தெளிவாகிவிட்டது. ஒரு பேச்சுக்கு 50 லட்சம் வீடுகள் மாதம் ஒரு டாலர் கட்டுவதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 6 கோடி டாலர். அணி வெல்ல வேண்டும் என்றில்லை. யாரும் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை.

ரட்கர்ஸோடு அழைக்கப்பட்ட மேரிலண்ட் பல்கலைக்கழகம் வாஷிங்டன், பால்டிமோர் நகரங்களின் வீடுகளைக் கொண்டுவந்தது. அது 1953-ல் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸை நிறுவிய உறுப்பினர்களில் ஒன்று. டியூக், நார்த் கரோலைனாவுடன் அது ஆடிய கூடைப்பந்து ஆட்டங்களுக்கென்றே வாழ்ந்த ரசிகர்கள் உண்டு. ஆனால் பல்கலைக்கழக விளையாட்டுத் துறை கடனில் தவித்தது. 2012-ல் ஏழு விளையாட்டு அணிகளைக் கலைத்திருந்தது. வெளியேறியதற்காக அட்லாண்டிக் கூட்டமைப்பு ஐந்து கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்காடியது, கடைசியில் 3.14 கோடியில் சமரசமானது. அதையும் கட்டிவிட்டுப் போவது லாபம் என்று மேரிலண்ட் கணக்குப் போட்டது. நீச்சல் அணியில் இருந்து வெளியேற்றப்பட்ட மாணவரின் பக்கம் நின்று பார்த்தால், இந்தப் பேராசைக்கு அடியில் உண்மையான நெருக்கடியும் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

அதே ஆண்டுகளில் மற்ற கூட்டமைப்புகளும் சும்மா இருக்கவில்லை. டெக்சஸ் ஏ அண்டு எம், மிசூரி ஆகியவை தென்கிழக்குக் கூட்டமைப்புக்குப் போயின. 1894-ல் தொடங்கிய டெக்சஸ், டெக்சஸ் ஏ அண்டு எம் மோதல் 2011 நவம்பரில் நின்றுபோனது; மறுபடி அவை மைதானத்தில் சந்திக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. கேன்சஸும் மிசூரியும் அதைவிட நீண்டகாலம் ஃபுட்பாலில் சந்திக்கவில்லை. உள்நாட்டுப் போருக்கு முந்தைய எல்லைச் சண்டைகளின் நினைவைச் சுமந்த மோதல் அது.

பின்பு மக்கள் கேபிளைத் துண்டிக்கத் தொடங்கினார்கள். 2011-ல் ஈ.எஸ்.பி.என். சுமார் 10 கோடி வீடுகளில் இருந்தது; அடுத்த பத்தாண்டில் அதில் ஏறத்தாழ கால்பங்கு போய்விட்டது. பார்க்காமலே பணம் கட்டிவந்தவர்கள்தான் முதலில் விலகினார்கள். இனி வீடுகளை எண்ணிப் பயனில்லை. உண்மையாக உட்கார்ந்து பார்க்கும் கண்களை எண்ண வேண்டும். பெரும் பெயர் கொண்ட அணிகளுக்கே கண்கள் திரளும். ரட்கர்ஸைச் சேர்த்த தர்க்கம் பத்தே ஆண்டில் செல்லாக்காசானது, ஆனால் ரட்கர்ஸ் உள்ளே இருந்தது. வெளியே மாட்டிக்கொண்டவர்கள் மேற்கில் இருந்தார்கள்.

1915-ல் போர்ட்லண்டில் பிறந்த கூட்டமைப்பு பலமுறை பெயர் மாறி 2011-ல் பாக்-12 ஆகியிருந்தது. அதன் தலைவர் லாரி ஸ்காட், பிக் டென்னைப் பார்த்துத் தாமும் சேனல் தொடங்கினார், ஆனால் கூட்டாளி இல்லாமல் முழுச் சொந்தமாக. டைரக்ட்வி என்ற பெரிய செயற்கைக்கோள் நிறுவனம் கடைசிவரை அந்தச் சேனலை எடுக்கவே இல்லை. பின்னால் நின்று சண்டைபோட ஃபாக்ஸ் போன்ற ஒருவர் இல்லை. ஆண்டுக்காண்டு பிற கூட்டமைப்புகளுக்கும் மேற்குக்கும் இடையே வருமான இடைவெளி விரிந்தது. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸின் யூ.எஸ்.சி., யூ.சி.எல்.ஏ. இரண்டும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. ஏழு வாரத்தில் பிக் டென் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றோடும் ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை அறிவித்தது.

பாக்-12 புதிய ஒப்பந்தம் தேடி ஓராண்டு அலைந்தது. தொடக்கத்தில் வந்த ஒரு தொகையை அதிகம் கேட்டு நழுவவிட்டது என்று பின்னர் செய்திகள் வந்தன. அதற்குள் பிக் 12 முந்திக்கொண்டு ஈ.எஸ்.பி.என்., ஃபாக்ஸ் இரண்டோடும் தன் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. 2023 ஜூலையில் கொலராடோ பாக்-12-ஐ விட்டு பிக் 12-க்குத் திரும்பியது. ஆகஸ்ட் முதல் நாள் பாக்-12-ன் அப்போதைய தலைவர் ஜார்ஜ் கிளியாவ்கோஃப் உறுப்பினர்கள் முன் வைத்தது ஆப்பிள் நிறுவனத்தின் இணைய ஒளிபரப்புத் திட்டம்; எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதைப் பொறுத்து வருமானம். பார்ப்பவரே பணம் கொடுக்கும் ஏற்பாடு அது. கல்லூரி விளையாட்டு நாற்பது ஆண்டுகளாகத் தவிர்த்துவந்ததும் அதைத்தான். ஆகஸ்ட் 4 அன்று ஒரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு நழுவின; அன்றே அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்குப் போயின. செப்டம்பரின் முதல் நாள் பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும், பசிஃபிக் கரையில் இருந்துகொண்டே, அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் சேர்ந்தன. தொடக்க ஆண்டுகளில் மற்றவர்களுக்குக் கிடைக்கும் பங்கில் ஒரு பகுதிக்கே சம்மதித்தன. அவற்றோடு சேர்ந்த எஸ்.எம்.யூ., 1996-ல் கைவிடப்பட்ட அந்த டெக்சஸ் பல்கலைக்கழகம், ஒன்பது ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சிப் பங்கே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து உள்ளே வந்தது.

2025 புத்தாண்டு நாளில் பசடீனாவில் ரோஸ் போல் நடந்தது. ஒஹாயோ ஸ்டேட் 41-21 என்று ஒரிகனை வென்றது. ஆடிய இரண்டும் பிக் டென் அணிகள்.

இந்த மாற்றத்தை ஃபுட்பால் ஓரளவு தாங்கும். ஃபுட்பால் அணி ஒரு பருவத்தில் பன்னிரண்டு ஆட்டம் ஆடுகிறது, பெரும்பாலும் சனிக்கிழமைகளில், தனி விமானத்தில். ஆனால் பல்கலைக்கழகம் கூட்டமைப்பு மாறினால் வாலிபாலும் சாஃப்ட்பாலும் டென்னிஸும் கூடவே மாறுகின்றன. அந்த மாணவர்கள் வார நாட்களிலும் ஆடுகிறார்கள். வகுப்பும் தேர்வும் அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூ ஜெர்சிக்கு ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர், மூன்று மணி நேர வேறுபாடு. யூ.சி.எல்.ஏ. போனதால் பெர்க்லிக்கு நேர்ந்த இழப்புக்கு ஈடாக யூ.சி.எல்.ஏ. அதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆட்சிக்குழு பணித்தது. வாலிபால் மாணவி விமான நிலையத்தில் கழிக்கும் இரவுக்கு ஈடு எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

பாக்-12-ல் கடைசியில் எஞ்சியவை ஒரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும். இரண்டுமே பெரிய நகரத்துக்குத் தொலைவில் இருப்பவை, அதனால் எந்தக் கூட்டமைப்பின் வீட்டுக் கணக்கிலும் ஏறாதவை. வாஷிங்டன் ஸ்டேட் ரசிகர்களைப் பற்றி அமெரிக்கா முழுவதும் தெரிந்த ஒரு செய்தி உண்டு. ஈ.எஸ்.பி.என். ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் ஏதாவதொரு கல்லூரி ஊரிலிருந்து நேரலை நிகழ்ச்சி நடத்துகிறது. 2003 அக்டோபர் முதல், அது எந்த ஊரில் நடந்தாலும், தங்கள் அணிக்கு அங்கே ஆட்டமே இல்லாவிட்டாலும், புல்மனின் சிவப்புக் கொடியை யாராவது ஒருவர் கூட்டத்தின் நடுவே உயர்த்திப் பிடிக்கிறார். இருபது ஆண்டுகளாகத் தொலைக்காட்சிக் கேமராவுக்கு முன் நின்ற அந்த ஊரைத் தொலைக்காட்சிச் சந்தை சந்தையாக எண்ணவில்லை.

இரு பல்கலைக்கழகங்களும் புல்மன் இருக்கும் விட்மன் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போயின. வெளியேறுபவர்கள் கூட்டமைப்பின் நிர்வாகத்தில் வாக்களிக்க முடியாது, மிச்சமிருக்கும் இருவருக்கே அதிகாரம் என்று 2023 நவம்பரில் தீர்ப்பானது. டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. கையில் பெயரும் கொஞ்சம் பணமும் இருந்தன, ஆட ஆட்கள்தான் இல்லை. பாய்ஸி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட் போன்ற மேற்கத்திய அணிகளைப் பக்கத்துக் கூட்டமைப்பிலிருந்து இழுத்தார்கள். 2026 ஜூலையில் புதிய பாக்-12 தொடங்க ஏற்பாடானபோது ஃபுட்பாலுக்கு எட்டாவது உறுப்பினர் தேவைப்பட்டது. 2025 ஜூன் கடைசியில் அந்த இடத்தைப் பிடித்தது டெக்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம். அது ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் நடுவே, வேகமாக வளரும் வீட்டு மனைகளுக்கு இடையில் இருக்கிறது.

அதே ஜூனில் வாஷிங்டன் ஸ்டேட் தன் தடகள அணியைச் சுருக்கியது. எறிதல், தாண்டுதல் போட்டிகளை முற்றிலும் கைவிட்டு, குறுந்தூர ஓட்டத்தையும் குறைத்து, நெடுந்தூர ஓட்டத்தில் மட்டும் கவனம் செலுத்துவதாக அறிவித்தது. 1978-ல் 81 நாட்களில் நான்கு உலகச் சாதனைகளை முறியடித்த கென்ய வீரர் ஹென்றி ரோனோ இந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்தான். ஈட்டியும் குண்டும் வட்டும் எறிந்துகொண்டிருந்த மாணவர்கள் வேறு பல்கலைக்கழகத்தில் இடம் தேடும் நிலைக்கு வந்தார்கள்.